கேட்பவர் அறிந்ததும் அறியாததும்: பேசுவோரின் மறதி பற்றி ஓர் ஆய்வு

1. சிக்கலும் எல்லையும்

ஊருக்குப் புதியவர் ஒருவர் பேருந்து நிலையத்தில் வழி கேட்கிறார். “நேரே போங்க, பழைய தியேட்டர் வரும், அங்க இடதுபக்கம் திரும்புங்க” என்று பதில் கிடைக்கிறது. தியேட்டரை இடித்து இருபது ஆண்டு ஆகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது நிற்பது ஒரு துணிக்கடை. வழி சொன்னவர் நல்ல மனிதர், உதவும் எண்ணத்தோடுதான் சொன்னார். எதிரில் நிற்பவர் வெளியூர்க்காரர் என்பதும் அவருக்குத் தெரியும். இருந்தும், வெளியூர்க்காரருக்கு இல்லாத தியேட்டர் எப்படித் தெரியும் என்ற அடுத்த படிக்கு அவர் மனம் போகவில்லை.

அந்த அடுத்த படி ஏன் தவறுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பேசும்போதும் எழுதும்போதும் கற்பிக்கும்போதும் நாம் எதிரில் இருப்பவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறோம். இந்தக் கணக்கு இரண்டு வகையில் பிழைக்கும். தெரியாததைத் தெரிந்ததாகக் கொள்வது ஒன்று; ஏற்கெனவே தெரிந்ததைப் புதிதுபோல மறுபடி சொல்வது மற்றொன்று. முதல் வகையே பெருங்கேடு செய்வது. எனவே கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

இந்தப் பிழையைப் பொதுவாகக் குணக்கேடாகவே பார்க்கிறோம். “தனக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும்னு நினைப்பு” என்று பேசிக்கொள்கிறோம். நான் வேறொரு கருதுகோளை முன்வைக்கிறேன். இம்மறதி பிறப்பது அகந்தையிலிருந்து அல்ல, அறிவு மனத்தில் அமையும் விதத்திலிருந்து. ஆகவே அது எல்லோருக்கும் நேரும். ஆனால் அது சிலரிடம் மட்டும் தங்கிவிடுகிறது. அவர்களைச் சுற்றி “எனக்குப் புரியவில்லை” என்று சொல்லக்கூடியவர்கள் இல்லாததே அதற்குக் காரணம்.

2. பெயரும் முன்வரலாறும்

இம்மறதிக்கு ஆய்வுலகில் வழங்கும் பெயர் ‘அறிவின் சாபம்’. காலின் கேமரர், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், மார்ட்டின் வெபர் ஆகிய மூவரும் 1989இல் வெளியிட்ட பொருளாதார ஆய்வுக் கட்டுரை அதைப் பரப்பியது. சொல்லை உருவாக்கியவர் ராபின் ஹோகார்த் என்று அவர்களே குறிப்பிடுகிறார்கள். கூடுதல் தகவல் கையில் இருப்பவர், அது இல்லாதவர் எப்படி முடிவெடுப்பார் என்று கணிக்க வேண்டும். அப்போது தன் கையிலுள்ளதை ஒதுக்கிவைக்க அவரால் முடிவதில்லை. தகவல் அதிகம் இருந்தால் கணிப்பு கூர்மையாகும் என்பது பொருளாதாரத்தின் பழைய நம்பிக்கை. இங்கே தகவலே கணிப்பைக் கெடுத்தது.

அந்த ஆய்வின் இன்னொரு முடிவை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு. எனக்கு அதுவே முக்கியம். சந்தையில் வாங்கல் விற்றல் நடக்கும்போது, தவறாகக் கணிப்பவர் கைப்பணத்தை இழக்கும்போது, இந்தச் சாபம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. முழுவதும் நீங்கவில்லை; ஆனால் பாதி குறைந்தது. பிழையின் விலையைப் பிழை செய்பவரே கொடுக்கும் இடத்தில் பிழை சுருங்குகிறது. இந்த முடிவுக்குக் கட்டுரையின் பிற்பகுதியில் திரும்ப வருவேன்.

இதற்கும் முன்னோடி ஒன்று உண்டு. 1975இல் பாருக் ஃபிஷ்ஹாஃப் தம் சோதனையில் பங்கேற்றவர்களுக்கு 1814இல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் மூண்ட போரைப் பற்றிய குறிப்பைப் படிக்கத் தந்தார். சிலருக்கு முடிவைச் சொன்னார், சிலருக்குச் சொல்லவில்லை. முடிவு சொல்லப்பட்டவர்கள், அந்த முடிவு முதலிலிருந்தே எதிர்பார்க்கத்தக்கது என்று மதிப்பிட்டார்கள். முடிவு தெரியாதவர்போல இருந்து பதில் சொல்லுங்கள் என்று கேட்டபோதும் அவர்களால் அப்படி இருக்க முடியவில்லை. தெரிந்துகொண்ட ஒன்றைத் தெரியாததாக ஆக்கிக்கொள்ளும் வழி மனத்துக்கு இல்லை. கேட்பவரின் அறியாமையை உணர வேண்டுமானால் நம் அறியாமையை நினைவிலிருந்து மீட்க வேண்டும். அந்த நினைவோ அழிந்துபோயிருக்கிறது.

3. தாளம் தட்டியவர்கள்

1990இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக எலிசபெத் நியூட்டன் செய்த சோதனை மிக எளியது. ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனத்துக்குள் எடுத்துக்கொண்டு, அதன் தாளத்தை மட்டும் மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். மொத்தம் 120 பாட்டுகள் தட்டப்பட்டன. கேட்டவர்கள் சரியாகச் சொன்னது 3. நூற்றுக்கு இரண்டரை. தட்டியவர்களிடம் முன்கூட்டியே கேட்டபோது, பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

வாசகர் இதை இன்றே வீட்டில் செய்து பார்க்கலாம். எல்லோர் வாயிலும் புழங்கும் ஒரு திரைப்பாட்டை எடுத்துத் தட்டிப் பாருங்கள். தட்டும்போது உங்கள் காதில் குரல் கேட்கும், வயலின் கேட்கும், பல்லவி முடிந்து இடையிசை தொடங்கும் இடம் கேட்கும். எதிரில் இருப்பவருக்குக் கேட்பது டக், டக், டக்டக் மட்டுமே. “இதுகூடத் தெரியலையா?” என்ற எரிச்சல் உங்களுக்கு வரும். அந்த எரிச்சலை நன்றாகக் கவனியுங்கள். அது உண்மையான எரிச்சல். எதிரில் இருப்பவர் மந்தமானவர் என்று அது உங்களை நம்பவைக்கிறது. வகுப்பறையில் ஆசிரியருக்கும், மருத்துவமனையில் செவிலியருக்கும், வங்கி முகப்பில் எழுத்தருக்கும் வரும் எரிச்சல் இதேதான். தன் காதில் மட்டும் ஒலிக்கும் பாட்டு மற்றவருக்கும் கேட்கிறது என்று மனம் கொள்வதால் வருவது அது.

4. பிள்ளைப் பருவத்தில் தொடங்கி

குழந்தை தன் பார்வையையே உலகத்தின் பார்வையாகக் கொள்கிறது என்று ழான் பியாஜே 1920களிலேயே எழுதினார். அதைக் கூர்மையாக்கியது 1983இல் ஹைன்ஸ் விம்மரும் யோசஃப் பெர்னரும் வடித்த சிறு கதை. மாக்ஸி என்ற சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்த மாக்ஸி எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் இரண்டாவது அலமாரியைக் காட்டுகிறார்கள். தங்களுக்குத் தெரிந்தது மாக்ஸிக்குத் தெரியாது என்பது அவர்களுக்கு எட்டுவதில்லை. நான்கு, ஐந்து வயதில் இது எட்டிவிடுகிறது.

அதோடு இந்தக் குறை தீர்ந்துவிட்டது என்றே நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். சூசன் பிர்ச்சும் பால் புளூமும் 2003இல் செய்த ஆய்வு ஒரு நுட்பத்தைக் காட்டியது. ஒரு விஷயம் தங்களுக்குத் தெரிந்திருந்தால், அது பிறருக்கும் தெரியும் என்று சிறு குழந்தைகள் மிகையாக மதிப்பிடுகிறார்கள். தங்களுக்குத் தெரியாதிருந்தால், பிறருக்கும் தெரியாது என்று அதே அளவுக்கு மதிப்பிடுவதில்லை. குழந்தைக்குத் தன் பார்வையைத் தாண்டவே தெரியாது என்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பிழைக்க வேண்டும். அப்படி இல்லை. அறிவுதான் கண்ணை மறைக்கிறது, அறியாமை மறைப்பதில்லை.

பெரியவர்கள் நிலை என்ன? போவாஸ் கெய்சாரும் உடன் ஆய்ந்தவர்களும் 2000இல் கட்டங்கள் கொண்ட ஒரு தட்டியை இருவருக்கு இடையே வைத்தார்கள். சில கட்டங்கள் இருபுறமும் திறந்தவை. சில, ஒருவர் பக்கம் மூடப்பட்டவை. மூன்று அளவில் மெழுகுவத்திகள் இருக்கின்றன. மிகச் சிறியது கேட்பவருக்கு மட்டுமே தெரியும். எதிரில் இருப்பவர் “சின்ன மெழுகுவத்தியை எடு” என்கிறார். அவர் பார்வையில் சின்னது எதுவோ அதைத்தான் அவர் சொல்ல முடியும். ஆனாலும் கேட்பவர்களின் கண் முதலில் ஓடியது தமக்கு மட்டும் தெரிந்த வத்திக்கு. சிலர் கையும் நீட்டினார்கள். நிக்கலஸ் எப்லி முதலானோர் 2004இல் குழந்தைகளையும் பெற்றோரையும் இதே சோதனையில் உட்காரவைத்தபோது, முதல் பார்வை இரு சாராருக்கும் ஒரே வேகத்தில் தம் பக்கமே போனது. வேறுபாடு அதற்குப் பிறகுதான்: பெரியவர்கள் விரைவாகத் திருத்திக்கொண்டார்கள்.

ஆக, வயதும் படிப்பும் நமக்குத் தருவது திருத்தும் பழக்கம் மட்டும். முதல் சாய்வு மாறுவதில்லை. திருத்தத்துக்கு நேரம் வேண்டும், கவனம் வேண்டும், திருத்த வேண்டும் என்ற தூண்டுதல் வேண்டும். களைப்பிலும் அவசரத்திலும் பெரியவர்களான நாமும் மாக்ஸியின் கதையில் தோற்ற குழந்தைகளாகிவிடுகிறோம். ஆனால் அந்தத் தூண்டுதல் பழக்கத்தால் வரக்கூடியது. ஷாலி வூவும் கெய்சாரும் 2007இல் வெளியிட்ட ஒப்பாய்வில், சீனாவிலிருந்து வந்திருந்த மாணவர்கள் இத்தட்டிச் சோதனையில் அமெரிக்க மாணவர்களைவிட மிகக் குறைவாகவே தடுமாறினார்கள். எதிரில் இருப்பவரை முன்னிறுத்திப் பழகும் சமூகத்தில் திருத்தம் விரைவாக வருகிறது என்று அவர்கள் விளக்கினார்கள்.

5. தேர்ச்சி தன் தடத்தை அழிக்கும்

அதிரசத்துக்குப் பாகு வைக்கத் தெரிந்த ஒருவரிடம் செய்முறை கேட்டுப் பாருங்கள். “வெல்லத்தைப் போட்டு, பதம் வந்ததும் இறக்கிடு” என்பார். எந்தப் பதம்? “கையில் பட்டாலே தெரியும்.” அவருக்குத் தெரியும், அவர் சொல்வதில் பொய் இல்லை. ஒருகாலத்தில் அவரும் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுப் பாகை அதில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, கரைந்தால் இன்னும் கொதிக்கவிட்டு, உருண்டால் இறக்கியிருப்பார். பாகு முறுகிப்போய் அதிரசம் கல்லான நாளும் இருந்திருக்கும். முப்பது ஆண்டில் கிண்ணமும் தண்ணீரும் போய்விட்டன. நுரை மாறும் விதத்தையும் கரண்டியில் ஒட்டும் கனத்தையும் கண்ணும் கையும் படித்துவிடுகின்றன. படிகள் எல்லாம் சேர்ந்து ‘பதம்’ என்ற ஒரே சொல்லாக இறுகிவிட்டன.

உளவியலில் இது நன்கு ஆராயப்பட்டது. பால் ஃபிட்ஸும் மைக்கேல் போஸ்னரும் 1967இல் திறன் கற்பதை மூன்று கட்டமாகப் பிரித்தார்கள்: முதலில் ஒவ்வோர் அடியையும் எண்ணிச் செய்வது, பிறகு அடிகளைக் கோப்பது, கடைசியில் எண்ணாமலே செய்வது. மூன்றாம் கட்டத்துக்கு வந்தவருக்கு முதல் கட்டத்தின் சொற்கள் தேவைப்படுவதில்லை, தேவைப்படாதது மங்கிவிடுகிறது. பமேலா ஹைண்ட்ஸ் 1999இல் கைப்பேசி இயக்கக் கற்கும் புதியவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பலரிடம் கணிக்கச் சொன்னார். நன்கு தேர்ந்தவர்களைவிட, அரைகுறையாகத் தெரிந்தவர்கள் உண்மைக்கு நெருங்கிக் கணித்தார்கள். தேர்ந்தவர்களை எச்சரித்தும் பெரிய பயன் விளையவில்லை. கணக்கு வாத்தியாரைவிடப் பக்கத்து பெஞ்ச் நண்பன் நன்றாகச் சொல்லித்தருகிறான் என்று மாணவர்கள் சொல்வதை நாம் சோம்பலின் பேச்சாக எடுத்துக்கொள்கிறோம். அது அனுபவத்தின் பேச்சு. அவன் நேற்றுத்தான் விழுந்து எழுந்தான். எந்தக் கல் தடுக்கியது என்பது அவனுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், ஆசிரியர் ஆகத் தகாதவர்களுக்கு நான்கு உவமை சொல்கிறார். அவற்றில் ஒன்று கழற்குடம். கழற்சிக்காயை ஒவ்வொன்றாகக் குடத்தில் போட்டுவிட்டுக் கவிழ்த்தால், போட்ட வரிசை குலைந்து எல்லாம் ஒருங்கே கொட்டும். தேர்ச்சி பெற்றவரின் மனத்துக்கு இதைவிடப் பொருத்தமான உருவத்தை நான் எந்த உளவியல் நூலிலும் கண்டதில்லை. பொருள் ஒவ்வொன்றாய் உள்ளே போனது; வரிசை மட்டும் உள்ளே தங்கவில்லை.

6. தமிழ் இலக்கணத்தில் கேட்பவரின் இடம்

பேசுபவர் மனத்தில் கேட்பவர் எப்போதும் இருக்கிறார் என்பதற்குத் தமிழே சான்று. ‘நாம்’ என்பதா ‘நாங்கள்’ என்பதா என்று தேர்ந்தெடுக்காமல் தன்மைப் பன்மையில் ஒரு வாக்கியமும் பேச முடியாது. எதிரில் இருப்பவரைச் சேர்த்துச் சொல்கிறோமா, விலக்கிச் சொல்கிறோமா என்பதை ஒவ்வொரு முறையும் முடிவு செய்தாக வேண்டும். இதில் தமிழர்கள் தடுமாறுவதே இல்லை. காதால் கேட்டதைக் கண்ணால் கண்டதிலிருந்து பிரிக்க ‘-ஆம்’ இருக்கிறது: ‘வந்தான்’ வேறு, ‘வந்தானாம்’ வேறு.

நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கும்போது அடிப்படையாகக் கொண்டவற்றுள் முதன்மையானது, யாருக்கு எது தெரியும் என்பதே. தனக்கு விடை தெரிந்திருந்தும் மாணவனுக்குத் தெரியுமா என்று பார்க்க ஆசிரியர் கேட்பது அறிவினா. தெரியாமல் கேட்பது அறியாவினா. இதுவா அதுவா என்று தடுமாறிக் கேட்பது ஐயவினா. வாக்கியத்தின் வடிவம் மூன்றிலும் ஒன்றாகவே இருக்கலாம். பிரிப்பது இருவர் அறிவுக்கும் இடையிலுள்ள தூரம்.

இவ்வளவு இருந்தும் ஒரு வாசல் திறந்தே கிடக்கிறது. தமிழில் எழுவாயை விட்டுவிடலாம், செயப்படுபொருளையும் விட்டுவிடலாம். “குடுத்துட்டாரா?” என்பது முழுமையான வாக்கியம். யார், எதை, யாருக்கு என்ற மூன்றும் கேட்பவர் மனத்திலிருந்து வர வேண்டும். விடுபட்ட எழுவாயை இலக்கணம் தோன்றா எழுவாய் என்று ஏற்றுக்கொள்கிறது. பேசுபவருக்கு அது தோன்றிக்கொண்டேதான் இருக்கிறது. தோன்றாமல் போவது கேட்பவருக்கு. வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தவுடன் “அப்புறம் அவர் என்ன சொன்னார் தெரியுமா?” என்று தொடங்குபவர்களை எல்லா வீட்டிலும் காணலாம். வழியெல்லாம் தனக்குள் நடந்த உரையாடலின் நடுவிலிருந்து அவர்கள் பேசுகிறார்கள். தமிழ் அவர்களைத் தடுத்து “எவர்?” என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியை ஆள்தான் கேட்க வேண்டும்.

7. ‘ம்’ கொட்டுதல்

கேட்பதற்கும் ஒரு முறை நம்மிடம் இருக்கிறது. “நம்ம தெருவுல இஸ்திரி போடுறவர் இருக்காருல்ல?” என்று சொல்லி ஒரு நொடி நிறுத்துகிறார் ஒருவர். “ம்” என்கிறார் மற்றவர். “அவர் பொண்ணு…” என்று பேச்சு தொடர்கிறது. ‘ம்’ வராவிட்டால் பேச்சு நகராது. “அதாம்ப்பா, பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ல” என்று அடையாளம் கூடும். ஒருவரை அடையாளம் சொல்லும்போது குரலை உயர்த்திச் சிறிது நிறுத்திப் பார்க்கும் இவ்வழக்கை ஹார்வி சாக்ஸும் இமானுவேல் ஷெக்லோஃபும் 1979இல் ஆங்கிலப் பேச்சில் விளக்கினார்கள். ஹெர்பர்ட் கிளார்க் இதை விரித்து, உரையாடல் என்பது இருவரும் சேர்ந்து ஒரு பொதுத்தளத்தை அடி அடியாகக் கட்டுவது என்று காட்டினார். நம்மூரில் கதை கேட்கும் பிள்ளைக்கு முதலில் சொல்லப்படும் விதியே “ம் கொட்டணும்” என்பதுதான். தொலைபேசியில் ‘ம்’ நின்றால் “லைன்ல இருக்கியா?” என்று பதறுகிறோம்.

எனவே நேர்ப்பேச்சில் இந்த மறதி நிகழ்ந்தாலும் நீடிப்பதில்லை. கேட்பவரை நாம் சரியாக ஊகிப்பதால் அல்ல, அவர் திருத்திக்கொண்டே இருப்பதால்தான் பேச்சு ஓடுகிறது. அவர் ‘ம்’ கொட்ட முடியாத இடங்களை எண்ணிப் பாருங்கள்: பாடநூல், அரசாணை, விண்ணப்பப் படிவம், மருந்துச் சீட்டு, மேடைப் பேச்சு. இவ்விடங்களில் பேசுபவர் தட்டிக்கொண்டே போகிறார். பாட்டு கேட்கவில்லை என்று சொல்ல ஆளில்லை.

8. நெருங்கியவர்களிடமும்

நெருக்கம் இருந்தால் புரிதல் கூடும் என்று நினைப்போம். கெனத் சவிட்ஸ்கி முதலானோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. நண்பரும் கணவன் மனைவியரும் ஒருவர் சொல்வதை மற்றவர் புரிந்துகொள்வதில் அந்நியரைவிடப் பெரிதும் தேறவில்லை; ஆனால் புரிந்துவிடும் என்ற நம்பிக்கை மட்டும் அவர்களிடையே அதிகம். அந்நியரிடம் திருத்திக்கொள்ளும் மனம், வீட்டுக்குள் ஓய்வெடுத்துக்கொள்கிறது.

சொன்னதையே மறுபடி சொல்லும் இரண்டாம் வகை மறதிக்கு வேறு காரணம் உண்டு. நைஜல் கோபியும் காலின் மக்லியோடும் 2009இல் காட்டியபடி, ஒரு செய்தி யாரிடமிருந்து நமக்கு வந்தது என்பதைவிட, யாரிடம் நாம் சொன்னோம் என்பது நினைவில் தங்குவது குறைவு. சொல்லும்போது கவனம் சொல்லப்படுவதன்மேல் இருக்கிறது, முகத்தின்மேல் இல்லை. முதுமையில் இது கூடும். தாத்தா ஐந்தாம் முறையாகச் சொல்லும் கதையைக் கேட்கும் பேரப்பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

9. ஆகாயத்தில் ஒரு சொல்

1990 ஜனவரி 25. கொலம்பியாவின் பொகோட்டாவிலிருந்து புறப்பட்ட அவியாங்கா நிறுவனத்தின் 52ஆம் எண் விமானம், நியூயார்க்கை நோக்கி வரும் வழியில் மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமிட வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. துணை விமானி கட்டுப்பாட்டாளர்களிடம் தங்களுக்கு ‘பிரையாரிட்டி’, அதாவது முன்னுரிமை வேண்டும் என்றார். எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார். ‘எமர்ஜென்சி’ என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. கட்டுப்பாட்டாளர்களின் நடைமுறையில் மற்ற விமானங்களை விலக்கி உடனே இறக்கவைக்கும் சொல் அதுதான். நெருக்கடியைச் சொல்லிவிட்டாயா என்று தலைமை விமானி கேட்டார். சொல்லிவிட்டேன் என்றார் துணை விமானி. சற்று நேரத்தில் இயந்திரங்கள் நின்று, விமானம் லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற இடத்தில் விழுந்தது. உள்ளே இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

விபத்துக்குக் காரணங்கள் பல: எரிபொருளைக் கணக்கிட்டு நடத்துவதில் தவறு, நெரிசல், வானிலை. ஆனால் துணை விமானியின் “சொல்லிவிட்டேன்” என்ற அந்தப் பதிலை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. அவர் தன் அறிவில் சொல்லித்தான் இருந்தார். எரிபொருள் முள் அவர் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது; அதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ‘பிரையாரிட்டி’ என்ற சொல்லுக்குள் எல்லாம் அடங்கியிருந்தது. தரையிலிருந்தவர்களுக்கு அந்த முள் தெரியாது. அவர்களுக்கு வந்தது டக், டக் என்ற ஒலி மட்டும்.

இத்தகைய பிழைக்கு விமானத்துறை முன்பே கண்டிருந்த மருந்தைக் கவனிக்க வேண்டும். 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவில் ஓடுபாதையில் இரண்டு போயிங் 747கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை விமானி ஒரு பொருளிலும் கட்டுப்பாட்டாளர் வேறு பொருளிலும் கொண்டது அதற்கு ஒரு காரணம். அதன்பின், மேலெழ அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி வந்தது. பெற்ற ஆணையை விமானி வாய்விட்டுத் திருப்பிச் சொல்வதும் கண்டிப்பாக்கப்பட்டது. ‘எதிரில் இருப்பவரை நினைத்துப் பேசுங்கள்’ என்ற அறிவுரையோடு அவர்கள் நிற்கவில்லை. கேட்பவரின் வாயிலிருந்து சொல் திரும்பி வந்தாக வேண்டும் என்று நடைமுறையை மாற்றினார்கள்.

10. கேட்க முடியாதவர்கள்

என் பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய். ஒருமுறை மருத்துவமனையில் “நாளைக்கு ஃபாஸ்டிங்ல வாங்கம்மா” என்று சொல்லி அனுப்பினார்கள். உடன் இருந்த யாரோ ‘வெறும் வயித்துல’ என்று விளக்கியும் இருக்கிறார்கள். மறுநாள் காலை இரண்டு மணி நேரம் பேருந்தில் வந்து இரத்தம் கொடுத்த பிறகுதான், புறப்படும்போது காபி குடித்தது தெரியவந்தது. “சாப்பிடலையே, காபிதானே குடிச்சேன்” என்றார். அவர் அகராதியில் சாப்பிடுவது என்றால் இட்லியோ சோறோ. காபி சாப்பாட்டுக் கணக்கில் வராது. திட்டு வாங்கிக்கொண்டு, இன்னொரு நாள் திரும்ப வந்தார். அவர் மனம் நொந்தது காபிக்காக அல்ல. தான் ஒரு முட்டாளாகிவிட்டதாக நினைத்ததுதான் அவரை வாட்டியது.

முந்தைய நாளே அவர் ஏன் திருப்பிக் கேட்கவில்லை? வரிசை நீளம், கேட்டால் கோபிப்பார்கள், படித்தவர்களிடம் மறுகேள்வி கேட்பது மரியாதை இல்லை என்பது அவர் வளர்ந்த முறை. இங்கே விலை முழுவதும் கேட்பவர் தலையில் விழுந்தது. சந்தையில் பாதி சாபத்தைக் குறைத்த அந்த அழுத்தம், சொன்னவர் பக்கம் சிறிதும் இல்லை. ‘சிலர் மட்டும் ஏன் மறக்கிறார்கள்’ என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: மறப்பது எல்லோரும், மறந்தது தெரியவராத இடத்தில் அமர்ந்திருப்பவர்கள் சிலர். பதவி உயர உயர, மறுகேள்வி கேட்பவர் குறைகிறார்கள். நன்னூல் தகாத ஆசிரியருக்குச் சொன்ன இன்னோர் உவமை மடற்பனை. கருக்கு மட்டை சூழ்ந்த பனையில் யாரும் ஏறிப் பறிக்க முடியாது. பழம் தானாக விழுந்தால் உண்டு. அருகில் நெருங்க முடியாதவர், தான் புரியாமல் பேசுகிறார் என்பதை அறிய வழியே இல்லை.

நம் மரபை இங்கே ஓர் இடத்தில் மறுக்கவும் வேண்டியிருக்கிறது. இந்த உவமைகள் வரும் நன்னூல் பாயிரம் மாணவர்களையும் அன்னம், பசு தொடங்கி ஓட்டைக்குடம், எருமை வரை தரம் பிரிக்கிறது. கொள்பவரின் தன்மையை அறிந்து சொல்ல வேண்டும் என்ற அக்கறை அதில் இருப்பது உண்மை. ஆனால் அது கேட்பவரின் இயல்பை அளக்கிறது. இந்த நொடியில் அவருக்கு எது தெரியும் என்பதை அளக்கவில்லை. புரியாதபோது ‘இவன் ஓட்டைக்குடம்’ என்று முடிவு கட்டிவிட்டுப் போக அது இடம் தருகிறது. இன்றைய வகுப்பறைகளில் அந்த முடிவு தினமும் கட்டப்படுகிறது. திருக்குறள் அவையறிதலுக்கு ஒரு முழு அதிகாரமே ஒதுக்கி, அறியும் பொறுப்பைச் சொல்பவர் மேல் வைத்தது. அதுவே சரியான இடம்.

11. ஊகிப்பதும் கேட்டறிவதும்

டால் ஏயால், மேரி ஸ்டெஃபெல், எப்லி மூவரும் 2018இல் 25 சோதனைகளின் முடிவை வெளியிட்டார்கள். பிறர் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கச் சொன்னதால், அவர் மனத்தைக் கணிக்கும் துல்லியம் கூடவில்லை. கூடியது ஒரே வழியில்: அவரிடமே கேட்டபோது. நல்ல மனம் மட்டும் போதாது என்பதற்கு இது கடுமையான சான்று. கேட்பவர்மேல் அன்பு இருக்கலாம். அவர் இடத்தில் நின்று பார்ப்பதாகவே நாம் நம்பலாம். அங்கேயும் நம் அறிவு நம்மோடு வந்து நிற்கும்.

நன்னூலில் ஒரு கணக்கு உண்டு. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்பவரோடு பழகுவதால் இன்னொரு கால். மிச்சமுள்ள பாதி, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது. எண்ணைச் சோதனைக்கூடத்தில் அளந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சொல்பவரின் பங்கு காலே என்ற அடக்கமும், கற்றவர் வாயிலிருந்து திரும்பி வரும்போதுதான் கல்வி நிறைகிறது என்ற தெளிவும் அதில் இருக்கின்றன. மருத்துவத்தில் இப்போது வலியுறுத்தப்படும் முறையும் இதுவே: நோயாளியிடம், சொன்னதை அவர் சொற்களில் திருப்பிச் சொல்லக் கேட்பது.

எனவே ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். “புரிஞ்சுதா?” என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அதற்கு நம் ஊரில் ஒரே விடைதான் உண்டு. அது மரியாதைக்காகச் சொல்லப்படும் ‘ம்’. “வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்வீங்க?” என்று கேளுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள். படிவமோ சீட்டோ அச்சுக்குப் போகும்முன், அந்தத் துறையை அறியாத ஒருவர் அதை வாய்விட்டுப் படிக்க, அவர் எங்கே தயங்குகிறார் என்று பாருங்கள். இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளில் ஒரு வரி கூடுதலாக அச்சிடுங்கள்: காபி, டீ, பால் எதுவும் குடிக்கக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம்.